நீங்கள் படித்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகளுக்குச் செய்த உதவி: அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொருளியல் துறை, முன்னாள் மாணவர்:

நானே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆன பிறகு, நான் படித்த பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க முன்வந்தேன். அதை வழங்கும் நாளில் என்னையும் கூப்பிட்டார்கள். சிற்றாலயத்தில் ஆராதனை முடிந்ததும் அந்தப் பையனை முன்னால் வரச் சொன்னார்கள். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா கூலி வேலை என்று ஒலிபெருக்கியில் எல்லாம் சொல்லப்பட்டது. அவன் நன்றி சொல்லி ஜெபிக்க வேண்டும் என்றார்கள். ஜெபித்தான். குரல் நடுங்கியது. கூடியிருந்தவர்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றதால் அவன் முகம் தெரிந்தது. அது வெட்கம்.

அடுத்த வருடம் நூலக வாசலில் என்னைப் பார்த்தவன் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று அந்த நிகழ்ச்சிக்கு நான் சம்மதித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று மத்தேயு 6:3இல் எத்தனை முறை வாசித்திருப்பேன்! வாசித்தவனே மேடையில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு சிறு தொகையை பல்கலைக்கழகத்தின் போதகரான சாப்ளினிடம் கொடுத்து வைக்கிறோம். யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. பல்கலைக்கழகக் கணக்கில் முறைப்படி வரவு வைத்து, செலவை மட்டும் பருவத்துக்கு ஒரு முறை அனுப்புகிறார்கள்: 'ஒரு மாணவர், தேர்வுக் கட்டணம்', 'ஒரு மாணவி, மூக்குக் கண்ணாடி', 'ஒருவர், நேர்காணலுக்குப் போய்வர'. பெயர் இருக்காது. படிப்பு நின்றுபோகப் பெரிய தொகைதான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. கல்விக் கட்டணத்தை எப்படியோ கட்டிவிடுகிறார்கள். இடையில் திடீரென்று வரும் சின்னச் செலவில்தான் கால் இடறுகிறது. அதற்கு விண்ணப்பம் போட்டு, குழு கூடி, கையெழுத்தாகி வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும். ஒரு வரம்பு வரை சாப்ளினே முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது எங்களுக்குத் தோன்றிய யோசனைகளிலேயே நல்லது.

கணினி அறிவியல், முன்னாள் மாணவி:

என்னால் பெரிதாகப் பணம் கொடுக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் கொடுக்கிறேன். வீடியோவில் மாதிரி நேர்காணல், ஒரு நாளைக்கு இரண்டு பேர்.

முதலில் வந்த பெண்ணின் ரெஸ்யூமே அரைப் பக்கம்கூட இல்லை. மதிப்பெண், இரண்டு ப்ராஜெக்ட், அவ்வளவுதான். 'வேறு என்னம்மா செய்வாய்?' என்றேன். 'ஒன்றும் இல்லை அக்கா' என்றாள். பேச்சு எங்கெங்கோ போய் பாடகர் குழுவுக்கு வந்தது. முப்பது பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு வருடம் இவள்தான் ஒத்திகை நேரம் வகுத்திருக்கிறாள். பரீட்சை சமயத்தில் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறாள். சண்டை வந்தால் தீர்த்து வைத்ததும் இவள்தான். 'இதெல்லாம் ஊழியம் அக்கா, வேலைக்கான பேப்பரில் எழுதலாமா?' என்று கேட்டாள். எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

நம் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஞாயிறு பள்ளியில் நாற்பது குழந்தைகளைச் சமாளித்தவர், விடுதி ஜெபக்குழுவை நடத்தியவர், மருத்துவ முகாமில் பதிவு மேஜையைப் பார்த்துக்கொண்டவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். தாழ்மை என்று சொல்லி அதை மறைத்துவிடுகிறார்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது பெருமையடிப்பது ஆகாது, பொறுப்பைக் காட்டுவது என்று சொல்லிக் கொடுக்கிறேன். வெளியே போய்வந்த ஒருவர் சொன்னால்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. நல்ல பிள்ளை என்று தெரிந்தால் என் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்கத் தயங்குவதில்லை. முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுலை எருசலேமில் யாரும் நம்பாமல் பயந்தபோது, பர்னபா என்ற விசுவாசிதான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார் (அப்போஸ்தலர் 9:27). பின்னால் அந்தச் சவுல் பவுலாக எழுதியதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த வாசலைத் தாண்ட அன்று பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார்.

செவிலியர் கல்லூரி, முன்னாள் மாணவி:

சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு ஷிப்டில் இருப்பதால் என்னால் நேரம் ஒதுக்க முடியவில்லை. இறுதியாண்டு மாணவிகள் நாலு பேருக்காக ஜெபிக்கிறேன். 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுவதில்லை. திங்கட்கிழமை காலை 'இந்த வாரம் என்ன இருக்கிறது?' என்று செய்தி அனுப்புவேன். பதில் வரும்: 'புதன்கிழமை வாய்மொழித் தேர்வு', 'பிரசவ வார்டில் முதல் நாள், பயமாக இருக்கிறது'. புதன் இரவு 'எப்படிப் போனது?' என்று மறக்காமல் கேட்பேன். ஒருத்தி சொன்னாள், வீட்டில்கூட யாரும் தேதி நினைவு வைத்துக் கேட்பதில்லையாம்.

வரலாற்றுத் துறை, முன்னாள் மாணவர்:

எல்லாரும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் தோற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வழிகாட்டச் சொல்லிப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட மாணவன் மூன்று தாளில் தோல்வி. முதல் சந்திப்பிலேயே, 'அண்ணா, ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்லமாட்டீர்களே?' என்றான். சரி, படிப்பு விஷயம் என்று நினைத்தேன். 'எனக்கு விசுவாசமே இல்லாமல் போய்விட்டது. அப்பா போதகர். இங்கே யாரிடமும் இதைச் சொல்ல முடியாது' என்றான்.

வேத வசனம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பதில் தேடி அவன் வரவில்லை. ஏழு மாதமாக அவன் தனியாகச் சுமந்ததை ஒருவர் பயப்படாமல் கேட்டால் போதும் என்ற நிலை. ஆசிரியர்களிடம் சொன்னால் மதிப்பெண் போய்விடுமோ என்று பயம். வீட்டில் சொன்னால் அப்பாவின் ஊழியத்துக்குக் கெட்ட பெயர். நாங்கள் வெளியே இருப்பவர்கள், எங்களால் அவனுக்கு எந்த நஷ்டமும் வராது. முன்னாள் மாணவரால் மட்டுமே முடிகிற உதவி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். பிற மதத்துப் பிள்ளைகள், கோயிலுக்கோ மசூதிக்கோ போகிறவர்கள், இதே வளாகத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி ஒருவர் வேண்டும். உதவிக்குப் பதிலாக அவர்களிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

பர்னபாவைப் பற்றி அந்தச் சகோதரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஊழியப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போன மாற்குவை மறுபடி கூட்டிக்கொண்டு போக பவுல் மறுத்தார். அந்தச் சண்டையில் பவுலும் பர்னபாவும் பிரிந்தேபோனார்கள். பர்னபா மாற்குவைத் தன்னோடு அழைத்துப் போனார். பல வருடம் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தோற்றவனோடு நடக்க யாராவது ஒருவர் வேண்டும்.

என் பாடம் வரலாறு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1806இல் ஐந்து மாணவர்கள் மழைக்கு ஒதுங்கி வைக்கோல் போர் ஓரத்தில் ஜெபித்தார்கள். பின்னால் வந்த பெரிய மிஷனரி இயக்கத்துக்கு அது தொடக்கமாயிற்று. அதே கல்லூரியை விட்டு 1821இல் தலைவரே ஒரு பகுதி மாணவர்களோடு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். கல்லூரி நிலைக்குமா என்ற சந்தேகம் வந்தபோது பழைய மாணவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. நம் சங்கங்கள் வருடத்துக்கு ஒரு விருந்தோடு முடிந்துபோகும்போதெல்லாம் எனக்கு அந்த 1821தான் ஞாபகம் வரும்.

பொருளியல் துறை, முன்னாள் மாணவர்:

உங்கள் பதிவுகளை இரண்டு முறை வாசித்தேன். அந்த மூன்று தாள் பையன் என்ன ஆனான் என்று சொல்லவில்லையே, அண்ணா?

வரலாற்றுத் துறை, முன்னாள் மாணவர்:

இரண்டு தாள் எழுதி முடித்துவிட்டான். ஒன்று பாக்கி. ஜெபிக்கிறானா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் அவனே அழைத்து, முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் விடுதியில் சாப்பிடாமல் இருக்கிறான், அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டான்.