ஷவருக்குள்ளே மாட்டிக்கொண்ட ஜன்னலை என்ன செய்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் முதலில் சொல்லிவிடுகிறேன். குளியல் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷவர் வைக்கலாம் என்று வேலையை ஆரம்பித்தோம். குழாய், தண்ணீர் போகும் வழி எல்லாம் அந்த மூலையில்தான். அதே மூலையில் நெஞ்சு உயரத்தில் ஒரு மர ஜன்னல். தொட்டியில் உட்கார்ந்து குளித்த காலத்தில் அதன்மேல் அவ்வளவாகத் தண்ணீர் படாது, நின்று குளித்தால் நேராக அதில்தான் அடிக்கும். அடைத்துவிடலாம், சின்ன வேலைதான் என்றார் கொத்தனார், நாங்களும் சரி என்றோம்.

நிலையைப் பெயர்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மேலே பெயின்ட் நன்றாகவே இருந்தது, ஆனால் கீழ்க்கட்டை விரலால் அழுத்தினாலே பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே மூன்று வரிச் செங்கல் முழுக்க ஈரம். பக்கத்து அறைச் சுவரின் அடியில் பெயின்ட் உப்பி உப்பி விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது, நாங்கள் அங்கே இரண்டு முறை பெயின்ட் அடித்துப் பார்த்திருந்தோம்!

உடனே கட்டவில்லை. திறந்தபடியே இரண்டு வாரம் காயவிட்டோம், அப்புறம் பழைய சுவரின் ஓரத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி செங்கலை வெட்டிப் பல் மாதிரி ஆக்கி, அதில் புதுச் செங்கலைக் கோத்துக் கட்டினார்கள். புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்துப் பூசினார்கள். அந்த வலை இல்லையென்றால் சேரும் கோட்டில் விரிசல் வரும், அந்த விரிசல் டைல்ஸ் வரைக்கும் வரும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வாட்டர்ப்ரூஃப் கலவை இரண்டு கோட், முதல் கோட் மேலும் கீழுமாக, இரண்டாவது குறுக்காக, மூலைகளில் வலைத்துணி வைத்து. அதுவரை எந்தக் குறையும் இல்லை.

தவறு எங்கே நடந்தது என்றால், ஜன்னல் போனால் நீராவி எந்த வழியாகப் போகும் என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. இரண்டே மாதத்தில் குளியலறைக் கூரையின் உள்பக்கத்தில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை, துண்டு மறுநாள் வரை ஈரம். கடைசியில் ஒட்டி முடித்த டைல்ஸைத் துளைத்து எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் வைத்தோம், அதைச் சுவர் திறந்திருந்தபோதே வைத்திருக்கலாம். அடைக்கப் போகிறவர்கள் முதல் நாளே அந்த ஓட்டைக்கும் வயருக்கும் இடம் விட்டுவிடுங்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டும், பரணுக்குள் தள்ளினால் அங்கே ஓதம் அடிக்கும். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியும் வேண்டும், உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை இழுக்கும்? குளித்து முடித்தபின் இருபது நிமிடம் ஓடவிடுகிறோம், பூஞ்சை திரும்ப வரவில்லை.

*

அண்ணா, நாங்கள் அடைக்கவில்லை. அந்த அறைக்குப் பகல் வெளிச்சம் அது ஒன்றுதான், அதையும் மூடிவிட்டால் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக் குளிக்க வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. ஜன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் கட்டி, மேலே தலைக்கு மேல் வரும்படி அகலச் சிறு ஜன்னலாக்கினோம். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலைத் தொடவே இல்லை என்பதால் பெரிய இடிப்பு இல்லை. மர நிலைக்குப் பதில் யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் நிலை, கண்ணாடி பனிபடர்ந்த மாதிரி தெரியும் வகை, அதுவும் டஃபன்ட் கண்ணாடி. வழுக்கி யாராவது அதில் மோதினால் சாதாரணக் கண்ணாடி கத்தி மாதிரி உடையும், இது சின்னச் சின்னத் துண்டாக உதிரும். உயரத்தில்தானே இருக்கிறது என்று இதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள்.

எங்களுக்குப் பாடம் கற்பித்தது ஜன்னலின் கீழ் விளிம்பில் போடும் கல். கொத்தனார் ரசமட்டம் வைத்துத் துல்லியமாக மட்டமாகப் பதித்துவிட்டார். பார்க்க அழகு. ஆனால் ஷவருக்குள் மட்டமாக இருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், அசையாமல் நின்றது, அவரே கழற்றி உள்பக்கம் வாட்டம் வைத்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். கல் ஒரே துண்டாக இருக்க வேண்டும், டைல்ஸை நறுக்கி ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவுதான். வாட்டர்ப்ரூஃப் பூச்சை நிலை மாட்டுவதற்கு முன்பே திறப்பின் நான்கு பக்கமும் உள்ளே மடித்து அடிக்கச் சொல்லுங்கள், நிலை வந்தபிறகு அந்த இடத்தில் பிரஷ் நுழையாது. வருடம் ஒருமுறை நிலையின் ஓர இடுக்கை அடைத்திருக்கும் சிலிக்கான் பசையைத் தடவிப் பார்ப்பேன், எங்காவது பிரிந்திருந்தால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவேன்.

*

எங்களுடையது அடுக்குமாடி, வெளிச்சுவரில் கை வைக்க அனுமதி கிடையாது. அதனால் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் பலகை அடித்து அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல், உள்ளே பார்த்தால் சுவர். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து வழிகிறது, துடைக்கக்கூட வழியில்லை. இப்போது வாடையும் வருகிறது. பிரித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஷவரை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் தரையை எவ்வளவு உடைக்க வேண்டியிருக்கும், யாராவது செய்திருக்கிறீர்களா?

*

தம்பி, ஷவரை மட்டும் மாற்றுவதென்றால் பெரும்பாலும் சுவரில் குழாயைப் புதைக்கக் காடி (நீளப் பள்ளம்) வெட்டினால் போதும். தரை வாட்டம் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எதிர்ச்சுவரிலிருந்து ஊற்றும் தண்ணீர் தானாக வடிகாலுக்குப் போனால் தரையைத் தொடாதீர்கள், தொட்டால் கீழ்வீட்டுக் கூரைக்கான வாட்டர்ப்ரூஃபிங் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், ஒரு முழு நாள் தண்ணீர் கட்டிவைத்துச் சோதிக்கவும் வேண்டும். பலகையைப் பிரிக்கும்போது நிலையின் கீழ்க்கட்டையை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள், இறங்கினால் எனக்குச் சொல்லுங்கள்.