ஒரு நாள் குகைச் சுற்றுலா: நல்ல கைடு யாராவது தெரியுமா?

வணக்கம் மக்களே. ஞாயிறு பெரியப்பா, பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். காலையில பல்லாவரம் குகை, அப்புறம் மாமல்லபுரம், சாயங்காலம் சாந்தோம், மயிலாப்பூர். தமிழ்ல நிதானமா விளக்குற கைடு வேணும். போன தடவை வந்தவர் மாமல்லபுரம் குன்று மேல இருக்குற மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துல ரெண்டே நிமிஷம்! சிற்பத்துல எருமைத்தலை அசுரன் கதாயுதத்தோட பின்வாங்கிச் சாயுறதை நான்தான் காட்டினேன்.

பெரியம்மாவுக்கு மூட்டுவலி, மேலே ஏற முடியாது. கீழேயே கிருஷ்ண மண்டபத்துல கன்றை நக்குற பசு சிற்பத்தைப் பார்த்துட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு: பல்லாவரம் குகை பல்லவ ராஜா மகேந்திரவர்மன் குடைஞ்சது, அவர் பட்டப்பெயர்கள் உத்தரத்துல வெட்டியிருக்கு. இப்போ அது தர்கா. தொழுறவங்களுக்கு இடைஞ்சல் இல்லாம எந்த நேரம் போகலாம்? வண்டியோட சேர்த்து எவ்வளவு கேப்பாங்க?