புசுபுசு லேஸ் நூல்ல ஷால் பின்னணும், எதை எடுக்கலாம்?

தருமபுரி நூலிழை:
வணக்கம்ங்க. அம்மா தளியில தம்பி வீட்ல இருக்காங்க, மார்கழி வந்தா அந்தப் பக்கம் காலைல குளிர் சொல்லி மாளாது, அவங்களுக்கு வெயிட்டே தெரியாத மாதிரி ஒரு ஷால் பின்னித் தரணும். ஓட்டை ஓட்டையா விட்டு இலை இலையா வர்ற லேஸ் பேட்டர்ன் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இங்க கடைல கிடைக்கிறதெல்லாம் தடி அக்ரிலிக் தான், ஆன்லைன்ல பாத்தா மொஹேர் சில்க், சூரி அல்பாக்கா, பிரஷ்டு அக்ரிலிக்னு வருது, போட்டோல எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது வாங்கறது? அம்மாவுக்கு கழுத்துல கம்பளி பட்டாலே அரிக்கும்.

ஓசூர் ஊசிக்காரி:
அக்கா, நூலுக்கு முன்னாடி அந்த இலை டிசைனைப் பாருங்க. புசுபுசு நூல்ல முடி வெளில நீட்டிக்கிட்டு ஓட்டைய எல்லாம் மூடிடும், நீங்க கஷ்டப்பட்டு போட்ட இலை தூரத்துல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. இந்த நூலுக்கு சாதா பின்னல் போதும், பெரிய ஊசில, 4.5 இல்ல 5 எம்எம்ல லூசா போடுங்க, நூலே அழகைக் காட்டிடும். மொஹேர் சில்க்னா நடுவுல மெல்லிசு பட்டு இழை, அதைச் சுத்தி அங்கோரா ஆட்டு முடி. குட்டி ஆட்டோட முடி தான் மெதுவு, அதனால லேபிள்ல கிட் மொஹேர்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. நம்ம பக்கம் பட்டுக்கூடு மார்க்கெட் பாத்து வளர்ந்தவங்களுக்கு பட்டோட பலம் சொல்லணுமா, அவ்ளோ மெல்லிசா இருந்தும் சட்டுனு அறுகாம இருக்கறதுக்கு காரணமே அது தான்.

காவேரிப்பட்டினம் பின்னல்:
அரிப்புன்னு சொன்னதால நான் சூரி அல்பாக்கா சொல்வேன், அது தென் அமெரிக்கால வளர்க்கற அல்பாக்காங்கற விலங்கோட முடி. மொஹேரை விட அது நிறைய பேருக்கு குத்தறதில்ல, ஆனா எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது, அதனால மொத்தமா வாங்காம ஒரே ஒரு பந்து வாங்கி அம்மா கழுத்துல கொஞ்ச நேரம் வச்சிருக்கச் சொல்லுங்க. ஒண்ணு, அல்பாக்காவுக்கு கம்பளி மாதிரி இழுத்தா திரும்புற குணம் கம்மி, ஷால் போகப்போக நீளும், ஷாலுக்கு அது பரவால்ல, ஸ்வெட்டர்னா யோசிக்கணும். பிரஷ்டு அக்ரிலிக்னா செயற்கை நூலைச் சீவி புசுபுசுன்னு ஆக்கினது, விலை கம்மி, துவைக்க சுலபம், பழக நல்லது தான், ஆனா அந்த லேசான கதகதப்பு அதுல வராது.

ஓசூர் ஊசிக்காரி:
தப்பாப் போயிட்டா பின்னலைப் பிரிக்கறதைப் பத்தியும் சொல்லிடறேன். முடி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், வேகமா இழுத்தா முடிச்சாயிடும். ஃப்ரீசர்ல கவர்ல போட்டு கொஞ்ச நேரம் வச்சிட்டு மெதுவா பிரிச்சா நிறைய பேருக்கு ஈசியா வருது. பத்து பதினஞ்சு வரிக்கு ஒரு தடவை வேற கலர் வழவழ நூலை எல்லா தையல்லயும் கோத்து விட்டுடுங்க, தப்பு வந்தா அது வரைக்கும் பிரிச்சா போதும்.

தருமபுரி நூலிழை:
ரொம்ப நன்றிங்க! ஆனா இலை டிசைனை விட மனசே வரல, அம்மாவுக்கு அது தான் பிடிச்சிருக்கு. ரெண்டும் சேர வழி இருக்கா?

காவேரிப்பட்டினம் பின்னல்:
இருக்குங்க. இலையை வழவழ மெரினோ சில்க் லேஸ் நூல்ல (மெல்லிசு செம்மறிக் கம்பளியும் பட்டும் கலந்தது, அதனால இதையும் முதல்ல அம்மா கழுத்துல வச்சுப் பாத்துடுங்க) போடுங்க, ஓட்டை பளிச்சுனு தெரியும், ஓரத்துல மட்டும் அதே கலர் மொஹேர் சில்க் ஒரு பட்டை. மொஹேர் 25 கிராம் பந்துல 200 மீட்டருக்கு மேல வர்ற பிராண்டா பாத்தா ஓரத்துக்கு ஒரு பந்தே தாராளமா வரும். கழுத்துப் பக்கம் மொஹேர் படாத மாதிரி வச்சுக்கோங்க. மெரினோவை மட்டும் ஒரே டை லாட்ல, அதாவது ஒரே தடவைல சாயம் போட்டதா, முழுசா வாங்கிடுங்க, பாதில தீந்தா கலர் சேராது.