தோட்டத்து நீரூற்றைக் காப்பாத்த குழு தொடங்குறோம், முதல்ல என்ன பேசி வச்சுக்கணும்?

மலைத்தம்பி:
வணக்கம், நாங்க இலங்கை மலையகத்துல டயகம தேயிலைத் தோட்டப் பக்கம். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேல டர்பன்டைன் (யூகலிப்டஸ்) காட்டுக்குள்ள ஒரு ஊத்து இருக்கு, அதுலருந்துதான் நாங்க தண்ணி புடிக்கிற பீலிக்கு தண்ணி வருது, இப்ப மாசி பங்குனி வந்தா நூல் மாதிரிதான் ஊத்துது, தண்ணி ஓடுற கான் பூரா பம்பர்ஸும் பிஸ்கட் பேப்பரும். பொடியன்க பதினஞ்சு பேர் சேந்திருக்கோம். போன தடவ சிரமதானம் பண்ணி போட்டோ போட்டதோட சரி, ஒரு மாசத்துல பழையபடி ஆயிருச்சு. அதனால இந்த தடவ எப்படி நடந்துக்கணும்னு நமக்குள்ள பேசிட்டு எறங்கலாம்னு பாக்குறேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கொஸ்லந்த அக்கா:
தம்பி, பதினஞ்சு பேர்ல பொம்பளப்புள்ளைங்க எத்தன பேரு? கொழுந்து எடுத்துட்டு வந்து குடத்தோட பீலிக்கரையில நிக்கிறது அவங்கதான், எந்த மாசம் எவ்வளவு கொறையுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், அவங்கள விட்டுட்டு முடிவு எடுக்காதீங்க. இன்னொன்னு, எங்க பக்கம் மீரியபெத்தயில 2014 ஒக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு லயத்தையே மூடிருச்சு. 2005லயும் 2011லயும் இடம் ஆபத்துன்னு சொல்லியிருந்தாங்க. சொந்தக் காணி இல்லாத சனம் எங்க போகும்? அதனால ஒருத்தர மாறச் சொன்னா, மாறுறதுக்கு வழியும் காட்டிட்டு சொல்லணும், இத மட்டும் விட்டுறாதீங்க.

பசுமலையான்:
அக்கா சொன்னது குப்பைக்கும் பொருந்தும். லயத்து ஆளுக கான்ல போடுறாங்கன்னு ஏசுறோம், ஆனா குப்ப வண்டி லயத்துக்கு வருதா? முந்தி தோட்டத்துக்குள்ள பிரதேச சபை காசு செலவழிக்கவே சட்டத்துல தடை இருந்துச்சு, 2018ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம்தான் செய்யலாம்னு ஆச்சு. அத வச்சு எல்லாரும் கையெழுத்து போட்டு பிரதேச சபைக்கு கடிதம் குடுங்க, பிறகு சனத்துக்கிட்ட பேசுங்க, கேப்பாங்க.

கணக்குப்புள்ள மகன்:
மரண சங்கத்துல (சாவு செலவுக்கு உதவுற சங்கத்துல) பண்ற மாதிரி வரவு செலவ மாசாமாசம் கோயில்ல வச்சு வாசிச்சிருங்க, எங்க குழு இதுலதான் ஒடஞ்சுச்சு. அப்புறம் டர்பன்டைன் தண்ணிய குடிக்குதுன்னு ஒரேயடியா வெட்டச் சொல்லாதீங்க தம்பி, அது சரிவு, வேர் செத்தா மழைக்கு மண்ணு எறங்கிரும். ஊத்த சுத்தி நாட்டு மரத்த வச்சு, அது எழும்ப எழும்ப கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும், வருஷக்கணக்காகும், தோட்டத்து ஆபீஸ்லயும் அனுமதி வேணும்.

மலைத்தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. பொம்பளப்புள்ளைங்க ஒருத்தர்கூட இல்ல, அது எங்க பிழைதான். ஞாயித்துக்கிழம பீலிக்கரையிலயே கூட்டம் வைக்கிறோம். அந்தக் கடிதத்த எப்படி எழுதுறதுன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.