லரிங்கோஸ்கோப் லைட் நடுவில் அணைகிறது, அவசர உதவி

இரவு டியூட்டி: வணக்கம். இப்போதுதான் ஒபரேஷன் தியேட்டரில் இருந்து வந்தேன். கட்டைக் கழுத்து, வாயும் சரியாகத் திறக்காத ஒரு நோயாளி. லரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்த்து சுவாச டியூப் போட உதவும் லைட் கருவி) வாய்க்குள் விட்டு, எபிகுளொட்டிஸ் (மூச்சுக்குழலின் மூடி) கண்ணில் பட்ட நேரம் லைட் அணைந்துவிட்டது. மாஸ்க்கில் ஒட்சிசன் கொடுத்து, வேறு செட் எடுத்து டியூப் போட்டோம். ஆள் நலம். பற்றரி போன வாரம்தான் மாற்றியது. காலை ஒபரேஷன் லிஸ்டுக்குள் சரிசெய்ய வேண்டும்.

பயோமெட் தம்பி: டொக்டர், பல்ப் வாய்க்குள் போகும் பிளேடிலா, கையில் பிடிக்கும் ஹேண்டிலிலா? எந்த அளவு பிளேட்? பிறகு எரிந்ததா?

வெள்ளவத்தைக்காரன்: பற்றரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்றுக்கு எங்கள் பக்கம் டோர்ச்சே நிலைப்பதில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள்.

பழைய தியேட்டர்: லைட்டைப் பார்க்காமலா மயக்கம் கொடுத்தீர்கள்? இது முதல் நாள் பாடம் தம்பி.

இரவு டியூட்டி: பார்த்தேன் சேர். மேசையில் பளிச்சென்று எரிந்தது. நாக்கைத் தூக்கியபோதுதான் போனது, வெளியே எடுத்ததும் திரும்ப எரிந்தது. வளைந்த மெக்கின்டொஷ் பிளேட், அளவு 4, பல்ப் பிளேடில்.

பயோமெட் தம்பி: இதைத்தான் கேட்டேன். பாரம் ஏறும்போது அணைந்தால் இணைப்பில் பிழை. பிளேடை மாட்டி, நுனியை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தூக்குங்கள். மினுங்கினால் அதே பிளேடை வேறு ஹேண்டிலில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மினுங்கினால் பல்பை விரலால் திருகுங்கள், சூடாக இருக்கும், கவனம். தளர்ந்த பல்ப் கழன்று தொண்டைக்குள் விழலாம். எனக்கு அதுதான் பயம்.

தெமட்டகொட அக்கா: எல்லா தியேட்டரிலும் தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லரிங்கோஸ்கோப் இருந்தால் இந்தப் பாடு இல்லை.

பழைய தியேட்டர்: அதற்கும் பற்றரிதானே? பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய, வளையும் குச்சி) போடப் பழகுங்கள்.

தெமட்டகொட அக்கா: பூஜி வேண்டாம் என்று யார் சொன்னது சேர்? பிரிட்டனின் டாஸ் (கடினமான சுவாசவழிக்கான மருத்துவர் சங்கம்) வழிகாட்டி 2015லேயே வீடியோ உடனே கைக்கு எட்ட வேண்டும் என்கிறது. லரிங்கோஸ்கோப் முயற்சியும் மூன்றுதான், அதற்கு மேல் இன்னும் அனுபவமுள்ளவர் வந்தால் ஒன்று. அதில் ஒன்றை ஒரு பல்ப் தின்றுவிட்டது, அதைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தைக்காரன்: ஸ்பிரிங்கையும் ஒருக்கால் பாருங்கள்.

இரவு டியூட்டி: ஸ்பிரிங் சுத்தம். பல்ப்தான், அரைச் சுற்று சுழன்றது. இறுக்கிய பிறகும் உள்ளங்கையில் ஒருதரம் மினுங்கியது. சிவப்பு டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். காலையில் இரண்டு ஹேண்டில், இரண்டு பிளேட், எல்லாம் அழுத்திப் பார்த்தாயிற்று. நன்றி தம்பி. லிஸ்ட் கூப்பிடுகிறார்கள்.