மறு: ஏ.வி. ரிசீவர் – “ஒலி ஏற்பி” சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹோம் தியேட்டரில் டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே இருக்கும் பெட்டியான ஏ.வி. ரிசீவருக்கு “ஒலி ஏற்பி” என்று தமிழில் பெயர் வைக்கலாமா என்ற இந்த இழையை முழுக்கப் படித்தேன். “ஒலி ஏற்பி” வேண்டாம் என்பது என் கருத்து. ரிசீவர் என்ற பெயர் வானொலிக் காலத்து மிச்சம். டியூனரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் வந்தபோது, அலையை வாங்குகிற பெட்டி என்று வைத்த பெயர் அது. இன்று ஹோம் தியேட்டர் வைப்பவர் வானொலி கேட்பதற்காக அதை வாங்குவதில்லை. ஆங்கிலத்திலேயே பொருள் தேய்ந்துபோன பெயரை நாம் ஏன் புதிதாகச் சுமக்க வேண்டும்?

பெட்டி செய்கிற வேலையிலிருந்து பெயர் எடுப்போம். டிவியிலிருந்து ஒரே கம்பியில் சுருக்கிக் கட்டிய டிஜிட்டல் ஒலி வருகிறது. 5.1 என்றால் பெட்டி அதை முதலில் ஆறாகப் பிரிக்கிறது: முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கான சப்ஊஃபருக்கு ஒன்று. அப்புறம் நாம் உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கும் தூரத்துக்கு ஏற்பத் தாமதம் சேர்க்கிறது. 80 ஹெர்ட்ஸ் போல ஓர் எல்லை வைத்து, அதற்குக் கீழே உள்ளதை சப்ஊஃபருக்குத் திருப்பிவிடுகிறது. பெருக்குவது கடைசி வேலைதான்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், “5.1 ஆம்ப்ளிஃபயர்” என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அசெம்பிள் செய்து தரும் பெட்டிகள் பலவற்றில் டிஜிட்டல் ஒலியைப் பிரிக்கும் பகுதியே இருக்காது. ஸ்டீரியோவாக வரும் இட ஒலியையும் வல ஒலியையும் கூட்டி நடுவுக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பக்கவாட்டுக்கும் கொடுப்பார்கள். பாட்டுக் கேட்க அது தாராளமாகப் போதும். ஆனால் படத்தில் பின்னாலிருந்து வரும்படி தனியாகப் பதிந்த ஒலி அதில் தனியாக வராது. வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே, பிரிக்கவும் பெருக்கவும் செய்யும் பெட்டிக்கு மட்டும் “சூழொலிப் பெருக்கி”. வெறுமனே ஆறு வழியில் பெருக்குவதற்கு “ஆறுதடப் பெருக்கி” (தடம் என்பது சேனல்). பெருக்கி என்பது பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். சூழொலி, சூழ்நிலையைப் போல வினைத்தொகை. விளக்கம் கேட்காமலே புரியும்.

ஸ்பீக்கரோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஊரில் ஒலிபெருக்கி என்றால் குழாயும் ஸ்பீக்கரும்தான்; அதை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அதில் ப் இல்லை, ஒலியைப் பெருக்குவது என்று விரியும். சூழொலிப் பெருக்கியில் ப் உண்டு, சூழொலிக்கு உரிய பெருக்கி என்று விரியும். அந்த ஒற்றை விட்டுவிடாமல் எழுதினால் போதும்.

இன்னும் இரண்டு சொற்கள் அவசரமாகத் தேவை. ஆர்.எம்.எஸ். வாட் (பெட்டி தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்று கடையில் சொல்வதற்குத் “தொடர்திறன்” என்றும், பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சத் திறன்) என்று அட்டையில் அச்சடிப்பதற்கு “கணநேரத் திறன்” என்றும் வைக்கலாம். உள்ளே இருப்பது 24-0-24 (இரு முனைகளுக்கிடையே 48 வோல்ட்), 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்று வையுங்கள். 48ஐ 5ஆல் பெருக்கினால் 240 வோல்ட்-ஆம்பியர். அதன்மேல் “100 வாட், 5 சேனல்” என்று ஒட்டியிருந்தால், ஐந்திலும் ஒருசேரத் தொடர்ந்து அந்த 500 வாட் எங்கிருந்து வரும்? பெரிய கம்பெனிப் பெட்டிகளிலும் ஒரு தடத்தை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸில், ஒலி 10% சிதைவதுவரை விட்டு அளந்த எண்ணைப் பெரிதாகப் போடுவது உண்டு. இரண்டு தடமாவது சேர்ந்து ஓடும்போது, 8 ஓம் ஸ்பீக்கரில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எவ்வளவு என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதோடு, 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ள (அதே வாட்டில் அவ்வளவு கூடுதலாக ஒலிக்கும்) ஸ்பீக்கர் எடுத்தாலும் அதே பலன்.

சேனலுக்குத் “தடம்” என்பதில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. டிராக்கையும் ஒலித்தடம் என்கிறோமே! அலைவரிசை டிவிக்குப் போய்விட்டது. இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் வேறு நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.