புதுப்பிப்பு: டன்லப் ஸ்திரீட் கடைவீட்டுச் சுவர்

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டிலுள்ள என் மாமாவின் பழைய கடைவீட்டில் (கீழே கடை, மேலே வீடு), ஐந்தடியை, அதாவது கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதையை, ஒட்டிய சுவர் வண்ணம் பூசிய ஆறே மாதத்தில் கொப்பளித்து உதிர்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். மழைநீர்க் குழாய்க் கசிவுதான் காரணம் என்ற என் ஊகம் தவறு.

சென்ற சனிக்கிழமை கொத்தனார் ஓரிடத்தைச் சுரண்டியபோது, மேலே விரலளவு சிமெண்டுப் பூச்சும், அதற்கடியில் நனைந்த மாவுபோல் பொடிந்த செங்கல்லும், செங்கல்லின் மீது பனிபோல் வெள்ளை உப்பும் தெரிந்தன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுவதால், உள்ளே தேங்கும் உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே தின்றுவிடுகிறது. முந்தைய குத்தகையாளர் “உறுதிக்காக” செய்த வேலையாம்!

எனவே சிமெண்டை முழுவதும் நீக்கி, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பே பூசப் போகிறோம். இந்தத் தெரு இருக்கும் லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால், வெளிப்புறத்தில் கைவைக்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிமுறைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு திருத்தம்: ஐந்தடி நடைபாதை விதியை நான் 1880களுக்குரியது என்று எழுதியிருந்தேன். கடைகளின் முன் தொடர்ச்சியான, கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்று, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இலேயே நகரத் திட்டத்துக்கான அறிவுறுத்தலில் கூறிவிட்டார். சுட்டிக்காட்டிய அன்பருக்கு நன்றி.